வளைந்த மாளிகை விழாமல் நிற்பது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் ‘லிட்டில் மோர்ட்டன் ஹால்’ என்று ஒரு கறுப்பு வெள்ளை மாளிகையின் படம் பார்த்தேன். மேல்மாடி அலை அலையாக நெளிந்து நிற்கிறது. இது நிஜமா? நிஜமென்றால் எப்படி விழாமல் இருக்கிறது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: நிஜம்தான் அம்மா. செஷயர் மாவட்டத்தில், சுற்றிலும் அகழியோடு நிற்கிறது. கட்டடப் பொறியாளராக முப்பது வருடம் வேலை பார்த்த எனக்கே, அதன் மேல்மாடியில் நடந்தபோது காலடியில் தரை ஏறி இறங்கியதும் கை தானாகச் சுவரைப் பிடித்தது.

மோர்ட்டன் குடும்பம் 1500களின் தொடக்கத்தில் இதைக் கட்டத் தொடங்கி, நூறு வருடத்துக்குக் கட்டிக்கொண்டே போனது. கோணலுக்குக் காரணம் அதுதான். 1560களில் தெற்குப் பகுதி எழும்பியபோது, உச்சியில் 68 அடி நீளத்துக்கு ஒரு கூடமும் வைக்கலாம் என்று பிறகு தோன்றியிருக்கிறது. அதன் மேல் ஓட்டுக்குப் பதில் கனத்த கல் பலகைகள். கீழே உள்ள மரச்சட்டங்கள் அந்தச் சுமையில் வளைந்துவிட்டன.

ஏன் விழவில்லை? எலும்புக்கூடு முழுக்க ஓக் மரம். ஒரு சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, அடுத்ததின் துளையில் இறக்கி, மரஆணி அடித்திருக்கிறார்கள். இந்த மாதிரிப் பொருத்து கொஞ்சம் அசைந்து கொடுக்கும், சட்டென்று முறியாது. சுமை பக்கத்துச் சட்டங்களுக்கும் பரவும். அதற்காக மரத்தை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. 1890களில் மேல்கூடத்தில் இரும்புக் கம்பி கொடுத்து இழுத்துக் கட்டினார்கள். பிறகும் பெரிய பழுதுபார்ப்புகள் நடந்தன.

படத்தில் கண்ணைப் பறிக்கும் அந்தக் கறுப்பு, விக்டோரியா காலத்துப் பழக்கம். முதலில் ஓக் மரத்தைப் பூச்சில்லாமல் விட்டிருப்பார்கள். அது வெயிலிலும் மழையிலும் வெள்ளி நிறமாகும். இடைச் சுவர்கள் காவி மஞ்சள். அப்படி நினைத்துப் பாருங்கள், வேறு வீடு!

உள்முற்றத்தில் மாடம் போல வெளியே நீண்டு நிற்கும் சன்னல்களை நான் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தேன். 1559இல் வில்லியம் மோர்ட்டன் செய்வித்தது என்று செதுக்கியிருக்கிறது. அதோடு, கடவுள் அருளால் இவற்றைச் செய்தவன் தச்சன் ரிச்சர்ட் டேல் என்றும் இருக்கிறது. பணம் போட்டவர் பெயரோடு வேலை செய்தவர் பெயரும்! என் வேலைக்காலத்தில் எத்தனையோ திறப்புவிழாக் கல்வெட்டு பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட ஒரு கொத்தனார் பெயர் இல்லை. இந்த வரிக்காகவே அந்த வீட்டை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

கேள்வி: அதை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? இடித்து மாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியாது. முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம். அனுமதி இல்லாமல் அதன் தன்மையை மாற்றினால் குற்றம். ஆனால் சட்டத்துக்கு முன்பே அதைக் காப்பாற்றியவர் எலிசபெத் மோர்ட்டன் என்ற கன்னியாஸ்திரி. 1640களில் இங்கிலாந்தில் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின் கடனில் விழுந்த குடும்பம், வீட்டைக் குடியானவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. சொத்து அவர் கைக்கு வந்ததும் பழுதுபார்க்கத் தொடங்கினார். 1912இல் உறவினரான ஒரு பிஷப்புக்கு எழுதி வைத்தபோது, ஒருபோதும் விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். பிஷப்பும் விற்கவில்லை. 1938இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பிடம் ஒப்படைத்தார். இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.