எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லாக விழுமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எஞ்சின் நின்றுபோனாலும் விமானம் இறக்கையை வைத்துச் சறுக்கிக்கொண்டே வந்து இறங்கிவிடும், ஹெலிகாப்டருக்கு அதுவும் இல்லை, கல் மாதிரி விழுந்துவிடும் என்கிறான் என் மகன். உண்மையா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

விழாது. ஹெலிகாப்டருக்கும் இறக்கை உண்டு, அது சுற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எஞ்சின் நின்ற பிறகும் அதைச் சுற்ற வைப்பதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர்.

சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் ஓடுகிறதல்லவா? அதே ஃப்ரீவீல் இங்கேயும் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கிறது. எஞ்சின் இறுகிப்போனாலும் ரோட்டர், அதாவது அந்தச் சுழலும் இறக்கை, தனியே சுற்றும். வால் ரோட்டரும் அதே கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால், மூக்கை இடமும் வலமும் திருப்ப விமானி காலால் மிதிக்கும் பெடல்கள் தொடர்ந்து வேலை செய்யும்.

விமானி செய்ய வேண்டிய முதல் வேலை, இடது கையில் இருக்கும் கலெக்டிவ் நெம்புகோலை முழுதாகக் கீழே இறக்குவது. உடனே பிளேடுகளின் சாய்வு குறையும். அதுவரை மேலிருந்து கீழே ஓடிய காற்று இப்போது கீழிருந்து மேலே ரோட்டருக்குள் புகும். ஓலைக் காற்றாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பிளேடின் நடுப்பகுதிதான் அந்தக் காற்றாடி. சுழற்சியை அது தருகிறது. நுனிப்பகுதி அந்தச் சுழற்சியைச் செலவழித்துத் தூக்குவிசை தருகிறது.

ராபின்சன் ஆர்22 போன்ற இலேசான ரோட்டர் உள்ள இயந்திரத்தில் இதற்குக் கிடைப்பது ஒன்று, ஒன்றரை விநாடிதான். தாமதித்தால் சுழற்சி சரியும். வழக்கமான சுழற்சி வேகத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்குக் கீழே போனால் பிளேடுகள் காற்றைப் பிடிக்காமல் 'ஸ்டால்' ஆகிவிடும், பிறகு மீட்கவே முடியாது. உங்கள் மகன் சொல்லும் கல் அதுதான்.

சரியாகச் செய்தால் ஆயிரம் அடி உயரத்திலிருந்து சுமார் நாலாயிரம் அடி முன்னே போய் இறங்கலாம். தரைக்கு நாற்பது அடி இருக்கும்போது வலது கையில் இருக்கும் சைக்ளிக் என்ற கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்க வேண்டும். முன்வேகம் குறையும், ரோட்டர் இன்னும் வேகமெடுக்கும். பிறகு மூக்கைச் சமமாக்கி, கடைசிச் சில அடிகளில் கலெக்டிவை உயர்த்தி, சேர்த்து வைத்த சுழற்சி முழுவதையும் செலவழித்துத் தரையைத் தொட வேண்டும். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. சீக்கிரமே உயர்த்தினால் சுழற்சி தீர்ந்து மேலிருந்தே விழும்.

1972 ஜூன் 21 அன்று பிரான்சில் ழான் பூலே என்ற விமானி லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் ஏறினார். அங்கே விசையைக் குறைத்தபோது எஞ்சின் அணைந்தது, மறுபடி பற்றவில்லை. அத்தனை உயரத்தையும் ஆட்டோரொட்டேஷனிலேயே இறங்கிப் பத்திரமாகத் தரை சேர்ந்தார். அந்த லாமாவைத்தான் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) 'சீட்டா' என்ற பெயரில் நம் நாட்டில் கட்டியது. சியாச்சினுக்குப் போனதும் அதுதான்.

ஆகவே உயரம் எதிரி அல்ல. பயப்பட வேண்டியது, தரையிலிருந்து சில பத்து அடி முதல் சில நூறு அடி வரையான உயரத்தில், முன்வேகம் இல்லாமல் அந்தரத்தில் நிற்பதற்குத்தான். அங்கே எஞ்சின் நின்றால், கலெக்டிவை இறக்கிக் காற்றைக் கீழிருந்து வரவழைத்து வேகம் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். எந்த உயரத்தில் எவ்வளவு வேகம் வேண்டும் என்ற வரைபடம் ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் இருக்கிறது. மேலெழும்பியதும் நேரே உயராமல் தரையை ஒட்டி முன்னே ஓடி வேகமெடுத்துவிட்டு ஏறுவதை அடுத்த முறை பார்த்தால் மகனுக்குக் காட்டுங்கள். அந்த வரைபடத்தை மனதில் வைத்துத்தான் அப்படி ஏறுகிறார்கள்.