துணை நடிகையா, குணச்சித்திர நடிகையா: கொழுந்து மலையில் இருக்கும் ஒரு தாய்க்கு

அன்புள்ள அக்கா,

போன ஞாயிறு குடையை மடக்கி வாசலில் சாத்துவதற்கு முன்பே, "மிஸ், இவ துணை நடிகையாப் போறாளாம்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தீர்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதிப் பேச்சிலேயே எழும்பிப் போனீர்கள். மீதியை எழுதுகிறேன். மகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் அந்தச் சொல்லைச் சரிபண்ணுவோம். சினிமாக்காரர் பேச்சில் துணை நடிகை என்றால் திருவிழாக் காட்சியில், சந்தைக் காட்சியில் கூட்டத்தோடு நிற்பவர். அன்றைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அம்மா, அத்தை, அண்டை வீட்டுக்காரி, வாயாடிக் கிழவி என்று கதையில் ஒரு ஆளாகவே நிற்பவர் குணச்சித்திர நடிகை. உங்கள் மகள் கேட்பது இரண்டாவது. அவளுக்கே அந்தப் பெயர் தெரியாததால்தான் வீட்டில் இவ்வளவு அழுகை.

நீங்கள் வெளியே தேத்தண்ணி குடிக்கப் போனபோது, "எங்கே, யாரையாவது நடித்துக் காட்டு" என்றேன். கதாநாயகி அழுவதைக் காட்டுவாள் என்று நினைத்தேன். எழும்பி, கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்கை, இல்லாத படங்கை, இடுப்பில் இழுத்துக் கட்டினாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு முன்னால் நிற்கும் ஒரு கிழவியாகிவிட்டாள். ஒரு கை கூடையின் விளிம்பை விடவில்லை. கழுத்து மட்டும் தராசு முள்ளை நோக்கி நீண்டது. "ஏன் கணக்கப்புள்ள, தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சா, என் வேர்வைக்கு எத்தன கிலோ கூட்டுவீங்க?" சத்தமே போடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு தொண்டை அடைத்தது. இருபது வருசமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன் அக்கா, இப்படி ஆளைக் கவனிக்கிற கண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இந்தக் கண்ணும் காதும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரே போதும். மனோரமா ஆச்சி 1937இல் மன்னார்குடியில் பிறந்தவர், வறுமையில் பள்ளத்தூரில் வளர்ந்தவர். மேடை நாடகத்தில் தேறி, 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் சினிமாவுக்கு வந்தார். கிடைத்தது நகைச்சுவை வேடம். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் அவரை ஐம்பது வருசத்துக்கு மேல் நிற்க வைத்தது கதாநாயகி வேடம் இல்லை. 1968இல் 'தில்லானா மோகனாம்பா'ளின் ஜில் ஜில் ரமாமணி, 1992இல் 'சின்னக் கவுண்ட'ரின் அம்மா, இப்படி ஆயிரம் படத்துக்கு மேல். துணை நடிப்புக்கான தேசிய விருது (விருதில் குணச்சித்திரத்தை அப்படித்தான் சொல்கிறார்கள்) 'புதிய பாதை'க்காக வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்தவர் மெட்ராஸ் பாஷை பேசினால் மெட்ராஸ்காரியே நம்புவாள். எந்த ஊர்ப் பேச்சும் அவர் நாக்கில் வந்து உட்கார்ந்தது. நாடக மேடை தந்த பயிற்சி அது.

சரண்யாவைப் பாருங்கள். 1987இல் 'நாயக'னில் கதாநாயகி. தேசிய விருது வாங்கியது 2010இல் 'தென்மேற்குப் பருவக்காற்'றில், கிராமத்துத் தாயாக நடித்ததற்கு. இந்த வேலையில் வயது ஏறுவது நட்டமில்லை.

ஆனால் அது தமிழ்நாடு. அங்கே சினிமா ஒரு தொழில். இங்கே இலங்கையில் தமிழ்ப் படம் எடுப்பவர் கைக்காசைப் போட்டு எப்போதாவது எடுக்கிறார். 1975இல் நம் தோட்டத்து வாழ்க்கையை வைத்து வி.பி. கணேசன் 'புதிய காற்று' எடுத்தார் என்று பெரியவர்கள் இன்னும் பேசுவது, அப்படிப் படங்கள் அத்தனை அரிது என்பதால்தானே.

உங்கள் பாஷையில் சொன்னால், நடிப்பு பெயர் பதிந்த செக்ரோல் வேலை இல்லை, பறித்ததுக்கு மட்டும் காசு வாங்கும் கைகாசுக் கொழுந்து. போன நாளுக்குக் காசு, போகாத நாளுக்கு இல்லை. சேமலாப நிதியும் இல்லை. அதனால் மகளிடம் நான் சொன்னது: கைகாசுக்குப் போ, ஆனால் செக்ரோலில் பெயர் இருக்கட்டும்.

அந்தச் செக்ரோல் எங்கே இருக்கிறது? உயர்தரத்தில் கலைப் பிரிவில் 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடமாகவே இருக்கிறது. அதோடு தமிழ், கூடவே புவியியல் மாதிரி ஒரு சமூகப் பாடம். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் நாடகத்துக்கு ஆசிரியர் இல்லை. ஆகவே பாடசாலையின் பெயரைப் பார்க்காமல், "நாடகத்துக்கு டீச்சர் இருக்கிறாரா" என்று அதிபரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். நல்ல புள்ளி வந்தால் மட்டக்களப்பு, கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. நாடகத்தில் பட்டம், தமிழ் மொழியில். பட்டத்தோடு வந்தால் ஆசிரியத் தொழிலுக்கு வழி உண்டு. பள்ளிக்கூட விடுமுறையில் நடிக்கப் போகலாம். வானொலி நாடகம், டப்பிங், அறிவிப்பு எல்லாம் குரலை நம்பிய வேலைகள், அவள் குரல் அதற்குப் போதும்.

இன்னொன்று, சிங்களம். இதில் நான் பிடிவாதக்காரி. இந்த நாட்டில் நடிகருக்கு அதிகம் வேலை இருப்பது அந்த மொழியில்தான். 1947இல் முதல் சிங்களப் பேசும் படத்தில் நடித்த ருக்மணி தேவி, நம் றம்பொடையில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. அண்மைக் காலத்தில் இறக்குவானையின் தர்ஷன் தர்மராஜ் சிங்களப் படங்களில் பெயர் எடுத்துவிட்டுத்தான் 2012இல் 'இனி அவன்' என்ற தமிழ்ப் படத்தில் நாயகனாக நின்றார். 2022இல் சின்ன வயதிலேயே போய்விட்டார், பாவம். கடைத்தெருச் சிங்களம் போதாது. வசனத்தை மனப்பாடம் பண்ணி, உணர்ச்சியோடு சொல்லும் அளவுக்கு வேண்டும்.

மானம் போய்விடும் என்றீர்கள். மாசியில் காமன் கூத்து ஆடும்போது ரதி வேடம் கட்டுவது வழக்கமாக ஆண்பிள்ளைதான். அந்த ரதி அழும்போது லயத்துச் சனமே சேர்ந்து அழுகிறது, அவனை யாரும் இழிவாகப் பேசவில்லை. பெண் கட்டினால் மட்டும் ஏன்? இதற்கு மேல் நான் வாதாடவில்லை. அவளுடைய அப்பாவையும் யோசிக்கச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. என்னிடம் படித்த ஒரு பிள்ளை, "சான்ஸ் தருகிறோம், முதலில் போட்டோவுக்கும் பயிற்சிக்கும் காசு கட்டு" என்ற பேச்சை நம்பி, தாயின் தோட்டை அடகு வைத்துக் கொழும்புக்குப் போனது. படமும் இல்லை, தோடும் திரும்பவில்லை. அந்தப் பிள்ளையைத் தடுக்காமல் விட்டது என் பிழை. நடிகைக்குத்தான் காசு கொடுப்பார்கள், நடிகையிடம் காசு கேட்பவன் படம் எடுப்பவன் இல்லை. பதினெட்டு ஆகும்வரை எங்கே கூப்பிட்டாலும் நீங்களோ அவளுடைய அப்பாவோ கூடப் போங்கள். இரவில் தனியாக வரச் சொன்னால் அந்த வேலையே வேண்டாம்.

சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிறு சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளோடு இருவரும் வாருங்கள், பாடத் தெரிவுப் படிவத்தை இங்கேயே நிரப்பலாம். அன்றைக்கு நீங்கள் தேத்தண்ணி குடிக்க வெளியே போகக்கூடாது. அந்த மடுவத்துக் கிழவியை நீங்களும் பார்க்க வேண்டும். யாரென்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.