மெல்போர்னில் வாடகை சைக்கிளும் ஹெல்மெட்டும்

தம்பி, வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, ரயிலை விட்டு இறங்கி வாடகை சைக்கிளில் வேலைக்குப் போகிறேன், ஹெல்மெட் போட்டே ஆக வேண்டுமா, பையில் அடங்குகிற மாதிரி மலிவாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

போட்டே ஆக வேண்டும். மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் 1990 ஜூலையிலிருந்தே இது சட்டம், பிடிபட்டால் 200 டாலருக்கு மேல் போய்விடும். வாரை மாட்டாமல் சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டு போனாலும் அபராதம்தான்.

2010-ல் இங்கே நீல நிற வாடகை சைக்கிள்கள் வந்தபோதும் இதே சிக்கல்தான். சைக்கிள் நிற்கும், ஹெல்மெட் இருக்காது. அப்புறம் 5 டாலருக்குக் கடைகளிலும் மெஷின்களிலும் விற்றுப் பார்த்தார்கள், ஆனாலும் கூட்டம் சேரவில்லை, 2019-ல் மூடிவிட்டார்கள். இப்போது இங்கே ஓடும் மின்சைக்கிள்களில் ஹெல்மெட்டைச் சேர்த்தே வைக்கிறார்கள், ஆனால் நமக்கு அவசரமான நாளில் அது காணாமல் போயிருக்கும், இருந்தாலும் இரவு பெய்த மழை உள் பஞ்சில் ஊறிக் கிடக்கும். அதனால் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மடக்குகிற ஹெல்மெட் தேவையில்லை என்றுதான் சொல்வேன். அது விலை அதிகம், ஆன்லைனில் மலிவாக வருவதில் தர முத்திரையே இல்லாதவையும் உண்டு. பெரிய கடைகளில் கிடைக்கும் சாதாரண ஹெல்மெட் போதும், உள்ளே ஏஎஸ்/என்இசட்எஸ் 2063 (AS/NZS 2063) என்ற ஆஸ்திரேலிய, நியூசிலாந்து தர முத்திரை ஸ்டிக்கர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மலிவானதும் அதே சோதனையைத் தாண்டித்தான் வருகிறது. பையின் தோள்பட்டையில் வாரைக் கோத்துத் தொங்கவிட்டால் ரயிலில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. போடும்போது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், பின்னால் சரியவிடாதீர்கள்.

நானும் முதல் வருடம், ஐந்து நிமிடத் தூரம்தானே என்றுதான் நினைத்தேன். தூறலில் டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தேன், முன்சக்கரம் பள்ளத்தில் மாட்டி அப்படியே பக்கவாட்டில் விழுந்தேன். காதுக்கு மேலே ஹெல்மெட்டின் வெள்ளை நுரை விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது, தலையில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படி ஒரு தடவை அடிவாங்கிய ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது, நுரை நசுங்கினால் அவ்வளவுதான், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடங்கள், மழை நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டே போய்விடுங்கள்.