குளிர்கடலில் முக்குளிப்பும் படமெடுப்பும்: கேள்வி பதில்

பத்து டிகிரிக்குக் கீழான நீரில் இறங்கி, அங்கே வாழும் உயிர்களைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். காதுவலி, இதயநோய், மருந்துகள் பற்றிக் கேட்டவர்கள் முக்குளிப்பு மருத்துவம் தெரிந்தவரிடம் போங்கள்.

கேள்வி: பவளத்திட்டுகளில் நாற்பது முறை முக்குளித்திருக்கிறேன். குளிர்கடல் இதுவே முதல்முறை. கேமராவுடன் இறங்கலாமா?

வேண்டாம். முதல் பத்து முழுக்குகளுக்குக் கேமரா கரையிலேயே இருக்கட்டும். டிரை சூட் என்னும் நீர்புகா உடை நீங்கள் உள்ளே புகுந்துகொண்ட இன்னொரு காற்றுப்பை. பாறையிடுக்கில் தலையைத் தாழ்த்தியதும் அதிலிருக்கும் காற்று காற்பக்கம் ஓடி உங்களைத் தலைகீழாகத் தூக்கிவிடும். படமெடுப்பவர்கள் நாள் முழுவதும் தலையைத் தாழ்த்துகிறவர்கள். உடலைச் சுருட்டி உருண்டு நிமிர்வது உங்களுக்குப் பழக்கமாகட்டும், பிறகு கேமராவைத் தொடலாம்.

இன்னொன்று. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைப் பறிக்கும். முதலில் கைதான் செயலிழக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் முழுக்கு முடிந்தது. எதிரே என்ன நீந்திக்கொண்டிருந்தாலும் சரி.

கேள்வி: ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) திடீரென்று நிற்காமல் காற்றைக் கொட்டியது. பழுதா?

பெரும்பாலும் பனி. சிலிண்டரின் உயர் அழுத்தக் காற்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. உள்ளே ஈரம் இருந்தால் உறைந்து, வால்வு மூடாமல் நின்றுவிடும். நீரில் இறங்கும்முன் அதில் மூச்சு விட்டுப் பார்க்காதீர்கள், உங்கள் மூச்சின் ஈரமே உறையும். மூச்சை இழுக்கும் அதே நொடியில் டிரை சூட்டுக்குள்ளும் காற்று ஏற்றாதீர்கள். குளிர்நீருக்கென்று அடைப்பு வைத்த முதல்நிலையை, அதாவது ரெகுலேட்டரில் சிலிண்டரோடு பொருத்தும் பகுதியை, பயன்படுத்துங்கள்.

கேள்வி: எந்தக் கேமரா வாங்கலாம்?

கையுறை போட்ட கையால் எதன் பொத்தான்களை அழுத்த முடிகிறதோ அது.

கேள்வி: என் படங்கள் எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளிகள். பனி பெய்வதுபோல் இருக்கின்றன.

அவை நீரில் மிதக்கும் துகள்கள். ஸ்ட்ரோப் (நீருக்கடியில் பயன்படுத்தும் ஃபிளாஷ்) லென்ஸுக்கு அருகில் இருந்தால், லென்ஸுக்கு முன்னால் உள்ள ஒவ்வொரு துகளிலும் பட்டு ஒளி நேராகத் திரும்பி வரும். ஸ்ட்ரோப்களை இரு பக்கமும் அகலமாக விரித்து, கேமராவுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, கொஞ்சம் வெளிநோக்கித் திருப்புங்கள். ஒளிக்கற்றையின் நடுப்பகுதி வேண்டாம், விளிம்பு மட்டும் பொருளைத் தொட்டால் போதும். பிறகு நெருங்குங்கள். நெருங்கிவிட்டேன் என்று தோன்றும் இடத்திலிருந்து அந்தத் தூரத்தில் பாதியைக் குறையுங்கள். முப்பது சென்டிமீட்டர் நீருக்குள் இருக்கும் துகள்கள் இரண்டு மீட்டர் நீருக்குள் இருப்பவற்றைவிடக் குறைவு.

வசந்தத்தில் மிதவைப் பாசிகள் பெருகும்போது அகலக்கோண லென்ஸைப் பெட்டியில் வைத்துவிட்டு மேக்ரோ, அதாவது மிக நெருக்கப் படங்கள், எடுங்கள். தெளிவான நீர் வேண்டுமென்றால் குளிர்காலத்தில் வாருங்கள். சுண்டுவிரலை மறக்காமல்.

கேள்வி: ஹவுசிங்கின் (கேமராவின் நீர்புகா உறை) உட்கண்ணாடியில் ஆவி படிகிறது.

சூடான ஈரக்காற்றை உள்ளே வைத்து மூடுகிறீர்கள். குளிர்ந்த, உலர்ந்த அறையில் மூடுங்கள்; சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள்.

கேள்வி: பசிபிக்கின் ராட்சத ஆக்டோபஸைப் பார்க்க ஆசை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆக்டோபஸைத் தேடாதீர்கள், அதன் குப்பையைத் தேடுங்கள். வட பசிபிக் கரைகளில் பாறைக்கு அடியில் நண்டு ஓடுகளும் சிப்பிகளும் குவிந்து கிடந்தால் மேலே ஒரு வளை இருக்கும். ஓடு ஒன்றை விளக்கொளியில் திருப்பிப் பாருங்கள்: சிலவற்றில் ஊசியால் குத்தியதுபோல் சிறு துளை தெரியும். அதன் வழியே நச்சுமிழ்நீரைச் செலுத்தி உள்ளே இருப்பதைத் தளர்த்தியிருக்கிறது. குவியல் புதிதாக, பாசி படியாமல் இருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது.

வளைக்கு முன் மணலில் படுத்து, விளக்கை ஓரமாகத் திருப்பிவிட்டுக் காத்திருங்கள். முதலில் கண் தெரியும், கிடைமட்டக் கீற்றாக ஒரு கண்மணி. அப்புறம் ஒரு கை வரும். ஒருமுறை ஒரு கை என் ஸ்ட்ரோப்பின் தண்டைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு உறிஞ்சியாக ஒட்டி எடுத்து ஒட்டி எடுத்து, கையுறை வரை வந்து நின்றது. நான் இழுக்கவில்லை. சுவை பிடிக்கவில்லை போலும், தானே விட்டுவிட்டது. உறிஞ்சிகளால் அது சுவைக்கவும் செய்யும்.

வளைவாயில் கற்களால் பாதி அடைபட்டிருந்தால் கவனம். உள்ளே கூரையிலிருந்து அரிசிமணி அளவு முட்டைகள் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருக்கலாம். தாய் பல மாதங்கள் உண்ணாமல் அவற்றின்மேல் நீரைப் பீய்ச்சி, துடைத்துக் காத்து, குஞ்சு பொரிந்ததும் இறந்துவிடும். ஒரு தாயை ஒரே குளிர்காலத்தில் மூன்று முறை பார்த்தேன். மூன்றாம் முறை அதன் தோல் வெளுத்துத் தொய்ந்திருந்தது. ஒரே ஒரு படம் எடுத்தேன், அதுவும் சரியாக வரவில்லை, திரும்பிவிட்டேன். நண்டைக் காட்டி வெளியே இழுக்கிற வேலை எந்த வளையிலும் வேண்டாம். இந்த வளையில் கொடுமை.

கேள்வி: ஓநாய் விலாங்கு கடிக்குமா?

நண்டையும் கடல் முள்ளெலியையும் நொறுக்கும் தாடை அது, கடித்தால் வலிக்கும். ஆனால் அதுவாக வந்து கடிக்காது. மேலும் அது விலாங்கே அல்ல.

கேள்வி: முதல் கேமராவாக எதை வாங்கலாம்?

மேலே பாருங்கள்.

கேள்வி: குளிர்கடல் படங்களில் நீர் அசிங்கமான பச்சையாக வருகிறது. நீலமாக மாற்ற எந்த ஃபில்டர்?

எதுவும் வேண்டாம். சிவப்பு ஃபில்டர் நீலநீருக்கானது. பச்சைநீருக்கு மெஜந்தா என்று ஒன்று உண்டு, அதுவும் ஆழம் கூடினால் வெளிச்சத்தைத்தான் தின்னும். நீர் பச்சையாக இருப்பது மிதவைப் பாசிகளின் பச்சையத்தால்; அந்தப் பாசிதான் நீங்கள் படமெடுக்கும் அத்தனைக்கும் அடிப்படை உணவு. அதை நீலமாக்கினால் கடலின் சோற்றுப்பானையைக் கவிழ்த்துவிட்டு விருந்தைப் படமெடுப்பதாகும். அது பொய்.

கேள்வி: பொய் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இருபது மீட்டரில் சிவப்பு ஒளியே இல்லை. உங்கள் ஸ்ட்ரோப் அடித்த செந்நிறக் கடற்சாமந்தியை அங்கே எந்த மீனும் பார்த்ததில்லை. அது மட்டும் உண்மையா?

நல்ல அடி. ஆனால் அந்தச் செந்நிறமி விலங்கின் உடலில் உண்மையாகவே இருக்கிறது. நான் விளக்கேற்றினேன், சாயம் பூசவில்லை.

கேள்வி (அதே நண்பர்): ஆழத்தில் சிவப்பு கறுப்பாகத் தெரிவதால்தான் எத்தனையோ விலங்குகள் சிவப்பாக இருக்கின்றன, அது ஒளிந்துகொள்ளும் உடை. நீங்கள் அதைக் கிழித்துக் காட்டுகிறீர்கள். பச்சையை நீக்குகிறவன் நீரைப் பற்றிப் பொய் சொல்கிறான், நீங்கள் விலங்கைப் பற்றி.

இதற்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். ஒப்புக்கொள்கிறேன்: என் படம் அந்த உயிர் வாழும் காட்சி அல்ல. இருந்தாலும் என்ன செய்தேன் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஒளி அடித்தேன். நீலமாக்கியவர் அப்படிச் சொல்வதில்லையே. பொய் என்ற சொல்லை அவரிடமிருந்து திரும்பப் பெறுகிறேன், மறைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் என் பழைய படங்கள் சிலவற்றை நீலமாக்கி வைத்திருக்கிறேன்.

கேள்வி: இதில் கறுப்புவெள்ளை எடுத்தால் சண்டையே இல்லையே?

நீங்கள் வேறு!

கேள்வி: சூரியகாந்தி நட்சத்திர மீன்களை இப்போது காணவே முடியவில்லையே?

இதுதான் இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி, நிறச்சண்டையில் அடியில் போய்விட்டது. இருபதுக்கு மேற்பட்ட கைகளுடன் ஒரு மீட்டர் வரை வளரும் உயிர். 2013 முதல் பரவிய அழுகல் நோயில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோடிக்கணக்கில் மடிந்தன. 2020இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. காரணம் ஒரு விப்ரியோ பாக்டீரியா என்று 2025இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது தின்றுவந்த கடல் முள்ளெலிகள் பெருகி கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசிக் காடுகளை மேய்ந்தன. வட கலிபோர்னியாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. ஒன்றையாவது கண்டால் ஆழம், நீரின் வெப்பநிலை, நாள் மூன்றையும் படத்துடன் குறித்து வையுங்கள். அழகாக வராவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: கெல்ப் காலில் சுற்றிக்கொண்டால்?

உதறாதீர்கள். நின்று, பின்னால் நகர்ந்து, கையால் எடுங்கள். வளைத்து மடக்கினால் தானே ஒடியும்.

கேள்வி: பத்தாயிரம் புகைப்படங்கள் எடுக்கக்கூடிய, விலை குறைந்த, நல்ல கேமரா...

மேலே. மேலே. மேலே.

கேள்வி: சுண்டுவிரலைத் தொட முடியவில்லை. ஆனால் இறங்கிப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது, சிலிண்டரில் 150 பார் மீதம், எதிரில் குஞ்சுகளைக் காக்கும் ஒரு சிறு மீன். அப்போதும் மேலே வர வேண்டுமா?

வர வேண்டும்.