'உப்புத் தண்ணி' என்று ஒரே பேர், உள்ளே இருப்பது வேறு வேறு

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் குடிக்க ஒரு தண்ணீர், புழங்க ஒரு தண்ணீர். எந்தத் தண்ணீருக்கு என்ன குணம் என்று தெரியாமல் செலவு செய்கிறவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள்.

தேவகோட்டையில் புது வீடு. மெஷின் விற்க வந்தவர் எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 900 என்று காட்டினார். பிறகு இரண்டு கம்பிகளை விட்டார். தண்ணீர் செங்கல் நிறமாகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் மாறவே இல்லை. தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் மெஷினை வாங்கலாமா?

முதலில் அந்தக் கம்பியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரு கம்பி இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகும். நீங்கள் பார்த்த நிறம் கம்பியிலிருந்து வந்தது. அவருடைய ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நின்றது. அதே தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைக் கரைத்து மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் செங்கல் நிறமாகும். இப்படிப் பயமுறுத்தி விற்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை.

அப்புறம் அந்த 900. டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்து ஒரு கணக்குச் சொல்லும்; எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. நாம் 'உப்புத் தண்ணி' என்கிறோமே, அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சோற்றுப்பு. வாளியில் வெள்ளையாகப் படிவதும், சோப்பை நுரைக்க விடாததும் கால்சியமும் மக்னீசியமும். இந்த இரண்டாவதுதான் கடினத்தன்மை. சாஃப்ட்னர் அதை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தை விடும். கரிப்பு போகாது, டிடிஎஸ்ஸும் இறங்காது. உங்கள் தொல்லை கரிப்பு என்றால் அந்தப் பணம் வீண்.

எனவே கடினத்தன்மையைத் தனியாகப் பாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. அங்கே தண்ணீரில் ஒரு சாயத்தைக் கலந்து, சொட்டுச் சொட்டாக ஒரு கரைசலை விடுவார்கள். திராட்சைரசச் சிவப்பாக இருந்தது ஒரு சொட்டில் சட்டென்று நீலமாகும். அதுவரை எத்தனை மில்லி செலவானதோ அதிலிருந்து கணக்கு. குடிநீருக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை பரவாயில்லை என்பது இந்தியத் தர அளவு. 200க்குள் இருந்தால் சாஃப்ட்னர் தேவையில்லை. 300, 400 என்று போய், வீட்டில் கீசரும் வாஷிங் மெஷினும் இருந்தால் வாங்கலாம். ஆனால் அதில் வரும் தண்ணீரில் சோடியம் ஏறியிருக்கும், சமையலறைக் குழாயை அந்த லைனில் சேர்க்காதீர்கள். மெஷினைக் கழுவிவரும் உப்புக் கரைசலைத் தென்னைக்கும் விடக்கூடாது.

குழாய்த் தண்ணீரில் நாலு விசிலில் குழையும் துவரம்பருப்பு, போர் தண்ணீரில் எட்டு விசிலுக்கும் மலர்வதில்லை. – பள்ளத்தூர்

கால்சியம் பருப்பில் இருக்கும் பெக்டின் என்ற ஒட்டுப் பொருளை இறுக்கிவிடுகிறது, அதனால்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறி அடியில் வெள்ளை தங்கிய பிறகு மேலாக இறுத்துப் பயன்படுத்தினால் ஓரளவு சரியாகும். கொதிக்கும்போது பிரிவது ஒரு பகுதிதான். சல்பேட்டாக, குளோரைடாக இருக்கும் கால்சியம் அப்படியே நிற்கும். சோடா உப்பு போட்டால் பருப்பு வேகும், ஆனால் பி1 சத்து போய்விடும். பருப்புக்கு மட்டுமாவது ஒரு சொம்பு நல்ல தண்ணீரை ஒதுக்குங்கள்.

கானாடுகாத்தானில் பழைய வீடு. ஆத்தங்குடித் தளத்தில் வெள்ளை பூத்திருக்கிறது. ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து ஊற்றாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்வது. சிமெண்டும் ஆசிட்டும் சேர்ந்தால் பொங்கும், மேலே இருக்கும் மெல்லிய வண்ணம் அரித்துப்போகும். ஒரு வீட்டுப் பட்டாலையில் ஆசிட் பாட்டில் வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். பாட்டிலின் அடி அளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் பூவும் இல்லை, சிவப்பும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். மனசு கஷ்டமாக இருந்தது. எலுமிச்சை, வினிகர்கூட இந்தத் தளத்துக்கு ஆகாது. அவற்றைக் குழாய்முனை, கெட்டில், பக்கெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விரலால் வெள்ளையைத் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி வந்தால், தளத்துக்கு அடியிலிருந்து ஈரம் உப்பை மேலே கொண்டுவருகிறது. கசிவு எங்கே என்று தேட வேண்டும். அசையாமல் ஒட்டியிருந்தால் போர் தண்ணீரில் துடைத்த படிவு. நல்ல தண்ணீருக்கு மாறி, துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அப்புறம் துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் மெருகு மெல்லத் திரும்பும்.

இந்தத் தண்ணீரைக் குடித்தால் சிறுநீரகக் கல் வருமா?

தண்ணீரின் கடினத்தன்மையைவிட, போதுமான தண்ணீர் குடிக்காததுதான் பெரிய காரணம். நம் ஊர் வெயிலில் அது சுலபமாக நடக்கும். ஏற்கெனவே கல் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

ஆச்சி காலத்தில் முற்றத்தில் அண்டா வைத்து மழைத் தண்ணீர் பிடிப்பார்கள். இப்போதும் குடிக்கலாமா? – காரைக்குடி

நான்கு பக்க ஓட்டுக் கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரியும்படி கட்டிய வீடு அதற்கு வசதிதான். மண்ணையும் பாறையையும் தொடாத தண்ணீர், கடினத்தன்மை இல்லையென்றே சொல்லலாம். முதல் மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிடுங்கள்; பறவை எச்சமும் தூசியும் அதோடு போகட்டும். அடுத்த மழையில் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி, கொதிக்கவைத்துக் குடியுங்கள். தேத்தாங்கொட்டையை உரசிவிட்டால் ஊருணித் தண்ணீர் தெளியும், உண்மைதான், கிருமி சாகாது. அண்டாவைக் கொசு புகாமல் மூடுங்கள். தலைக்குக் குளித்தால் சோப்பு போகாத மாதிரி வழவழவென்று இருக்கும். சோப்பு சீக்கிரம் நுரைக்கும் தண்ணீர் அது, பாதி போட்டாலே போதும்.