வில்லனுக்கு மட்டும் ஏன் கண்ணாடி வீடு?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். தட்டைக் கூரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள வீடு படத்தில் வந்தால், உள்ளே இருப்பவன் கெட்டவன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்று. அதைப் பிடித்துக்கொண்டீர்கள். இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி வீடு பற்றித்தான். எனக்கும் சந்தோஷம்தான். பகலில் வீட்டுப் படம் வரைகிறவன், இரவில் சினிமாப் படம் பார்க்கிறவன், இரண்டையும் ஒரே பக்கத்தில் கதைக்க எத்தனை தரம் வாய்க்கும்?

அப்படியான வீடுகளை ஏன் எப்போதும் வில்லனுக்கே கொடுக்கிறார்கள்? நல்ல மனிதர் அதில் குடியிருக்கக் கூடாதா? (ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி)

இருந்தார்கள் டீச்சர், அதுதான் வேடிக்கை. லொஸ் ஏஞ்சல்ஸில் லவல் வீடு என்று ஒன்று, 1929இல் றிச்சர்ட் நொய்ட்ரா கட்டியது. கட்டச் சொன்னவர் பிலிப் லவல், மருந்தைவிட வெயிலும் காற்றும் நல்ல சாப்பாடும்தான் உடம்புக்கு முக்கியம் என்று பத்திரிகையில் பத்தி எழுதிய மனிதர். திறந்த வெளியில் படுத்து உறங்குவதற்கென்றே அந்த வீட்டில் விறாந்தைகள் வைத்தார்கள். சுகதேகியாக வாழக் கட்டிய அந்த வீட்டை 1997இல் 'எல்.ஏ. கொன்ஃபிடென்ஷல்' படத்தில் யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா, பெண்களை வைத்து வியாபாரம் பண்ணும் ஒரு பணக்காரனுக்கு. ஜோன் லோட்னர் 1968இல் கட்டிய எல்றொட் வீட்டுக்கும் இதே கதிதான். வட்டமான கூடம், மேலே கொங்கிரீட் குடை, மலைப்பாறையை உடைக்காமல் வீட்டுக்குள்ளேயே விட்டிருப்பார்கள், பார்த்தால் மூச்சே நின்றுவிடும். 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் அது கடத்திவந்த கோடீஸ்வரனை அடைத்து வைக்கிற இடம், ஜேம்ஸ் பொண்ட் இரண்டு பெண்களிடம் அடிவாங்குகிற இடம். தொம் அண்டர்சன் என்பவர் 2003இல் லொஸ் ஏஞ்சல்ஸை சினிமா எப்படிக் காட்டியது என்று ஒரு நீளமான ஆவணப்படமே எடுத்து இந்தக் கோபத்தைக் கொட்டியிருக்கிறார். இதைவிடப் பகிடி, பொண்ட் கதையில் வரும் 'கோல்ட்ஃபிங்கர்' என்ற வில்லனின் பெயரே லண்டனில் நவீன வீடு கட்டிய ஏர்னோ கோல்ட்ஃபிங்கர் என்ற கட்டடக் கலைஞருடையது. அந்தப் பொண்ட் நாவல் வெளிவரும் நேரம் அவர் வழக்குப் போடுவேன் என்று நின்றார். அவருடைய கோபமும் நியாயம்தானே?

ஏன் என்று கேட்டீர்கள். என் அபிப்பிராயம், இதில் பாதி கமெராவின் வேலை. கண்ணாடி வீடு பகலில் ஒரு வீடு, இரவில் இன்னொரு வீடு. பகலில் உள்ளே இருப்பவருக்குத் தோட்டம் தெரியும், வெளியே நிற்பவருக்கு வானத்தின் நிழல்தான் தெரியும். பொழுதுபட்டு உள்ளே லைற் போட்டதும் எல்லாம் தலைகீழ்: உள்ளே இருப்பவருக்குத் தன் முகம் மட்டும்தான் கண்ணாடியில் தெரியும், வெளியே இருட்டில் நிற்பவனுக்கு வீடு முழுக்கத் தெரியும். பயம் காட்ட இதைவிட என்ன வேண்டும்? ஓலை வேலிக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் இந்த வித்தை நடக்காது.

மற்றப் பாதி எங்களுடைய மனதுதான். தமிழ்ப் படத்தையே எடுங்கள். கதாநாயகனுக்கு ஓட்டு வீடு, திண்ணை, அம்மா, வாசலில் கோலம். வில்லனுக்கு வளைந்து இறங்குகிற படிக்கட்டு, கூடத்திலேயே சாராயப் போத்தல் அடுக்கின கவுண்டர், சிவப்பு லைற். யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் படிக்கட்டைக் கண்டதும் எங்களுக்கு விளங்கிவிடும். சாமான் குறைந்த வீட்டில் மனிதத்தன்மையும் குறைவு என்று எப்படியோ நம்பிவிட்டோம்.

'பாராசைட்' படத்தில் வரும் வீடு கொரியாவில் எந்த இடத்தில் இருக்கிறது காக்கா? எங்கட தம்பி அங்கே வேலைக்குப் போயிருக்கிறான், ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்று கேட்கிறேன். (காத்தான்குடி)

தம்பியை அலைய விடாதீங்க. அந்த வீடு இல்லை. படத்தில் ஒரு பெரிய கட்டடக் கலைஞர் தனக்கென்று கட்டி வாழ்ந்த வீடு என்று கதை விடுவார்கள், அந்தக் கலைஞரும் கற்பனை. உண்மையில் லீ ஹா-ஜுன் என்ற கலை இயக்குநர் போட்ட செட் அது. கீழ்த்தளத்தையும் தோட்டத்தையும் வெளி வளவு ஒன்றில் கட்டினார்கள், மற்றதெல்லாம் ஸ்டூடியோவும் கணினியும். வளவு தேடும்போதே வெயில் எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்த்துத்தான் தெரிவு செய்தார்களாம். எங்கள் ஆட்கள் வீடு கட்டும்போதுகூட இவ்வளவு பார்ப்பதில்லை, வாஸ்து பார்ப்பதோடு சரி.

இனிப் படத்தைத் திரும்பப் பார்க்கும்போது கூடத்து யன்னலைக் கவனியுங்கள். அகலமும் உயரமும் சினிமாத் திரையின் கணக்கில், 2.35க்கு 1 என்று வெட்டியிருக்கும். அந்தக் கூடத்தில் டீவி இல்லை, அதையும் கவனியுங்கள். யன்னல்தான் திரை. அதற்கு முன்னால் இருந்து குடிக்கிறவர்களைப் பார்க்கிற நாங்கள் இன்னொரு திரைக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறோம்.

இல்லாத வீட்டைத் தேடி ஏமாந்தவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. 1959இல் வந்த ஹிச்கொக்கின் 'நோர்த் பை நோர்த்வெஸ்ட்' படத்தில் மலைச்சரிவிலிருந்து அந்தரத்தில் நீட்டிக்கொண்டு ஒரு வீடு நிற்கும். பிராங் லொயிட் றைட் என்ற பேர்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கட்டினது என்றே பலர் நினைத்தார்கள். அது ஸ்டூடியோவுக்குள் கட்டின துண்டுகளும், மிச்சத்துக்குக் கையால் தீட்டின ஓவியமும்.

ஒரே வீடு எத்தனையோ படங்களில் திரும்பத் திரும்ப வருகிறதே, வேறு வீடு கிடைக்காதா? (கல்முனை)

கிடைக்கும், செலவுதான். ஹொலிவூட்டில் ஒரு வட்டம் கீறி வைத்திருக்கிறார்கள், 30 மைல் ஆரை. அதற்குள் படப்பிடிப்பு என்றால் தொழிலாளருக்குத் தங்குமிடச் செலவும் பயணப் படியும் கொடுக்கத் தேவையில்லை. மட்டக்களப்பு டவுனில் கவராயத்தின் முள்ளைக் குத்தினால் உங்கள் கல்முனையைக் கொஞ்சம் தாண்டி வரும், அவ்வளவு தூரம். நவீன வீடுகள் நிறைய அந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றன. கூடம் பெரிது, நடுவில் சுவர் இல்லை, கமெராவைத் தள்ளிக்கொண்டு போகலாம். வேறென்ன வேண்டும்?

அப்புறம், வீட்டுக்காரருக்கும் வாடகை வருகிறது. 'லீதல் வெப்பன் 2' படத்தில் தூண் மேல் நிற்கிற வீட்டை வாகனத்தில் கட்டி இழுத்து விழுத்துவார்களே, அது லோட்னரின் கார்சியா வீடு. பதறவேண்டாம், விழுந்தது நகல்.

மகள் ஒரு படத்தில் கண்ட வீட்டை ஃபோனில் பிடித்து வைத்துக்கொண்டு அதேமாதிரிக் கட்டவேண்டும் என்று நிற்கிறாள். கூடத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, தட்டைக் கூரை, தாவாரமே இல்லை. வளவு கடலிலிருந்து நடந்துபோகும் தூரம். கட்டலாமா? (ஆரையம்பதி)

இதற்குத்தான் காத்திருந்தேன், ஏனென்றால் இதில் நான் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன். பல வருடத்துக்கு முன், இப்படித்தான் ஒரு மகன் ஃபோட்டோவோடு வந்தான். எனக்கும் ஆசை, வரைந்து கொடுத்தேன். மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர், பின்னேரம் வயலுக்குள் சூரியன் விழுவது தெரியும் என்று நினைத்தேன். தெரிந்ததுதான். கச்சான் காத்துக் கிளம்பின மாதம் அந்தக் கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் இடியப்பம் அவிக்கலாம் போல இருந்தது. அந்த வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை, தடித்த திரைச்சீலை ஒன்றை இழுத்துவிட்டு அதற்கு முன்னால் அலுமாரியைக் கொண்டுவந்து வைத்துவிட்டா. இன்றைக்கும் அந்தத் தெருவால் போகும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சைக்கிள் மிதிக்கிறேன்.

படத்தில் வெக்கை தெரியாது, அதுதான் விசயம். ஒழுக்கும் தெரியாது. 'பிளேட் ரன்னர்' பார்த்திருப்பீர்கள், அதில் நாயகன் இருக்கும் வீட்டின் சுவரெல்லாம் கோலம் போட்டமாதிரிக் கொங்கிரீட் கல். பிராங் லொயிட் றைட்டின் எனிஸ் வீட்டுக் கல்லை அச்செடுத்து ஸ்டூடியோவில் செய்தது. அசல் வீடு கட்டினது 1924, எங்கள் மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலம் திறந்த அதே வருடம். 27,000க்கு மேல் கல், ஒவ்வொன்றையும் அச்சில் வார்த்து, இடையில் கம்பி கோத்து அடுக்கினது. திரையில் பார்த்தால் கோயில் மாதிரி இருக்கும். உண்மையில் கல்லுக்குள் தண்ணீர் இறங்கி, கம்பி துருப்பிடித்து, 1994 பூமியதிர்ச்சியிலும் 2005 மழையிலும் சுவர் பிய்ந்து, திருத்தப் பெருந்தொகை செலவழிந்தது. துரு, இரும்பைவிட இடம் கூடப் பிடிக்கும். உள்ளேயிருந்து உப்பி உப்பிக் கொங்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சண்சேட்டுக்கு அடியில் பாருங்கள், கம்பி பல்லிளித்துக்கொண்டு நிற்கும். எனிஸ் வீடு நிற்பது லொஸ் ஏஞ்சல்ஸில், எங்களுக்கு உப்புக் காத்து வேறு.

அதனால் கட்டவேண்டாம் என்று சொல்லவில்லை. மகளிடம் அந்த ஃபோட்டோவில் உண்மையாகப் பிடித்தது எது என்று கேளுங்கள். பெரும்பாலும் கண்ணாடியாக இராது, வெளிச்சமும் கூடத்திலிருந்தே மரம் தெரிவதும்தான். அதை வேறு மாதிரிக் கொடுக்கலாம். 1960களின் தொடக்கத்தில் எங்கள் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் ஏனா டி சில்வாவுக்கு ஒரு வீடு கட்டினார். தெருப்பக்கம் மூடின சுவர், உள்ளே நடுமுற்றம், சுற்றிவர விறாந்தை, மேலே அகலமான ஓட்டுக் கூரை. எங்கள் பழைய நாற்சார் வீட்டின் கணக்குத்தான், ஆனால் யாரும் அதைப் பழைய வீடு என்று சொல்லமாட்டார்கள். பின்னாளில் அந்த இடத்தை விற்கவேண்டி வந்தபோது வீட்டையே கழற்றி, பெந்தோட்டைப் பக்கம் பாவாவின் லுனுகங்காத் தோட்டத்தில் திரும்ப எழுப்பினார்கள். கண்ணாடியை நடுமுற்றத்துப் பக்கம் வையுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள். மேற்கே மட்டும் கூடாது. கடைசியாக, இரண்டரை அடித் தாவாரம். அதற்கு மகள் அழுதாலும் விட்டுக்கொடுக்காதீங்க. மாரியில் ஒரு கிழமை தொடர்ந்து ஊற்றும்போது அவளே நன்றி சொல்லுவாள். மேசனிடம் கடல்மண் தொடக்கூடாது என்று இப்பவே சொல்லிவையுங்கள், கம்பிக்கு மேலே கொங்கிரீட் மூடும் கனத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

நவீன வீட்டை வில்லத்தனம் இல்லாமல், சிரிக்கவைக்கிறமாதிரிக் காட்டின படம் ஒன்று சொல்லுங்க அங்கிள். (பல்கலைக்கழக மாணவி, திருக்கோவில்)

ஜாக் தாத்தியின் 'மொன் ஒன்க்ள்', 1958, பிரெஞ்சுப் படம். கதை என்று பெரிதாக இல்லை பிள்ளை, மொழியும் தேவையில்லை. இரவில் மாடியில் இரண்டு வட்ட யன்னல், உள்ளே புருசனும் பெண்சாதியும் தலையை நீட்டிப் பார்க்க, வீட்டுக்குக் கண் முளைத்து முழிக்கிறமாதிரி இருக்கும். முற்றத்தில் ஒரு தகர மீன் நிற்கும், வாயால் தண்ணீர் பீச்சும். கேற் மணி அடித்தால் வீட்டம்மா ஓடிப்போய் மீனின் சுவிட்சைப் போடுவா. வந்தது சொந்தக்காரனோ வேலையாளோ என்று தெரிந்தால் உடனே நிறுத்திவிடுவா. அதுவும் செட்தான், நீஸ் நகரத்து ஸ்டூடியோவில் போட்டு, முடிந்ததும் இடித்துவிட்டார்கள்.

பார்த்த அன்றைக்கு நன்றாகச் சிரித்தேன். மறுகா போன கிழமை ஒரு வீட்டுக்கு மதில் அளக்கப் போனேன், கல்லடிப் பக்கம். வாசலில் சீமெந்தில் ஒரு பாடும்மீன், மீன் பாடும் ஊர் என்று பேர்பெற்ற மட்டக்களப்பில் மீன் வைக்காவிட்டால் எப்படி? மணி அடித்தேன். உள்ளே எங்கேயோ 'டிக்' என்றது. மீன் முதலில் இரண்டு தரம் இருமி, துருத் தண்ணீரைத் துப்பி, அப்புறம் அழகாகப் பீச்சத் தொடங்கியது. கதவு யன்னலால் ஒரு முகம் எட்டிப் பார்த்து, "ஓ, படம் வரையிற ஆளா" என்றது. நான் சைக்கிள் ஸ்டாண்ட் போட்டுத் திரும்புவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.