பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? கேளுங்கள், சொல்கிறேன்

கே: சார், என் கார் நாலு வருஷத்துல 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. பிரேக் ஆயில் மாத்தணுமா? (மடிப்பாக்கம்)

மாற்றத்தான் வேண்டும். இன்ஜின் ஆயில் போல இது ஓடிக் கெடுவதில்லை, நின்றபடியே காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கெடும். உப்பு ஜாடியை மூட மறந்தால் மறுநாளே கசிந்துவிடும் ஊர் நம்முடையது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரிதான் உத்தரவாதம். வேளச்சேரி நெரிசலில் இது தெரியாது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போது தெரியும்: உள்ளே ஆவி கட்டி, பெடல் கால் போன போக்கில் கீழே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கே: டாட் 5 தான் உசத்தி என்கிறார்களே, அதை ஊற்றலாமா? (அம்பத்தூர்)

வேண்டாம். டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே ஜாதி. டாட் 5 சிலிகான், இவற்றோடு சேராது. பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே உங்கள் காருக்கு எது என்று எழுதியிருக்கும். சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் சீல் உடையாத டின்னாக வாங்குங்கள். பரணில் இருக்கும் போன வருஷத்து அரை டின்னை மறந்துவிடுங்கள்.

கே: அண்ணே, வீட்ல நானும் என் மனைவியும்தான். ரெண்டு பேர் போதுமா? எப்படிச் செய்யணும்? (குரோம்பேட்டை)

போதும். உண்மையில் பெடலில் உட்காருபவர்தான் முக்கியம். ஸ்பேனர் பிடிப்பவர் சொன்னதை மட்டும் செய்யும் பொறுமை அவருக்கு வேண்டும்.

காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். டப்பாவில் உள்ள பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். நம் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை) வலப்பக்கம் என்பதால், தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்குவதுதான் பொதுவான வழக்கம். உங்கள் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதுவே சரி.

சக்கரத்தின் பிரேக்கில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சின்னத் திருகு இருக்கும், அதுதான் பிளீடர் நிப்பிள். அதில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் கண்ணாடிபோல் தெரியும் டியூபைச் செருகுங்கள். டியூபின் மறுமுனை, கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முங்கியிருக்க வேண்டும். "மிதி" என்றதும் அவர் மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால்வாசிச் சுற்றுத் திறந்தால் பெடல் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு". இந்த ஒன்று மாறினால் காற்று உள்ளே போய்விடும், வேலை முதலிலிருந்து.

முதலில் டிகாக்‌ஷன் நிறத்தில் வரும், நடுவே குமிழி ஓடும். பிறகு தேன் நிறத்துக்கு வெளுக்கும். குமிழி நின்றால் அடுத்த சக்கரம். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. நாலு சக்கரத்துக்கும் ஒரு லிட்டர் வாங்கினால் பெரும்பாலும் போதும்.

இன்னொன்று, என் தலையில் விழுந்த பாடம். பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிக்க விட்டேன். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்குப் போய் வாஷர் கிழிந்தது. ஆயில் மாற்றப் போய் சிலிண்டரே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைக்காமல் தொடங்குவதில்லை.

கே: நிப்பிள் அசையவே மாட்டேங்குது. (திருவொற்றியூர்)

கடற்காற்று. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள், ஸ்பேனரின் மேல் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்கிடம் போங்கள். உள்ளே ஒடிந்தால் செலவு பத்து மடங்கு.

கே: எல்லாம் முடிச்சும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கு. ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்காம தடுக்கும் அமைப்பு) உள்ள கார். (போரூர்)

இரண்டு, மூன்று முறை மிதித்ததும் கெட்டியானால் காற்று மிச்சமிருக்கிறது, மறுபடி எடுங்கள். அப்படியே அழுத்திப் பிடித்திருக்க மெல்ல இறங்கினால், எங்கும் கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகியுங்கள். டப்பா காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால், பல கார்களில் ஸ்கேனர் வைத்து அதன் வால்வுகளைத் திறந்தால்தான் வெளியே வரும். பெடல் கெட்டியாகும்வரை காரைத் தெருவில் இறக்காதீர்கள். சரியான பிறகும் முதலில் காம்பவுண்டுக்குள் நடை வேகத்தில்தான்.

கே: பானட்டில் கொஞ்சம் சிந்திவிட்டது. (அண்ணா நகர்)

படிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். துணியால் தேய்க்காதீர்கள், பெயிண்டே கையோடு வரும்.

கே: பழைய ஆயிலைச் சாக்கடையில் விடலாமா? (பெரம்பூர்)

கூடாது. வேறெதையும் கலக்காமல் பாட்டிலில் மூடி, கழிவு ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அதுவரை பாட்டில் மேல் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பார்த்தால் ஜூஸ் மாதிரியே இருக்கும்.